ஏழாவது குழியின் மணி

ஆர்ட்ஹேவன், ஸ்காட்லாந்து
9 அக்டோபர் 1978

அன்புள்ள எல்ஸ்பெத்,

என் உடம்புக்குப் பெரிய குறை இல்லை. ஈரக்காற்று வந்தால் முழங்கால் மட்டும் முனகுகிறது. நியூஸிலாந்தில் இப்போது வசந்தம் தொடங்கியிருக்கும். உன் இருமல் விட்டதா?

கடிதத்தை நடுவிலிருந்து படிப்பது என் தங்கையின் வழக்கம். அதனால் சொல்லப்போவதை முதலிலேயே எண் போட்டு வைக்கிறேன்.

1. சனிக்கிழமை மாலை நானும் டூகலும் கோல்ஃப் ஆடியது.
2. டூகலுக்கு அடிபட்டது.
3. ஏழாவது குழியில் யாரும் மணி அடிக்கவில்லை என்பது.
4. உன் மகன் ஃபின்லேக்கு உடம்பில் ஒரு கீறலும் இல்லை என்பது.

முதலாவது. நல்ல வெயில், கடுமையான மேற்குக் காற்று. கோடைக்கு வந்த வெளியூர்க்காரர்கள் போய்விட்டதால் கடலோரப் பொதுத்திடல் மறுபடி ஊர்க்காரர்கள் கைக்கு வந்திருக்கிறது. புல் பழுப்பேறிவிட்டது. தரை இறுகி, விழுந்த பந்து நிற்க மனமில்லாமல் ஓடுகிறது. டூகல் என்னைவிட இரண்டு குழி முன்னிலையில் இருந்தான். எங்களுக்குப் பின்னால் ஃபின்லே தனியாக ஆடிக்கொண்டு வந்தான். திடலில் புல் வெட்டும் வேலை முடிந்ததும் இருட்டுவதற்குள் ஒரு சுற்று ஆடுவான். எங்கள் வேகம் அவனுக்குப் பொறுக்கவில்லை. "கெழவங்களா, பந்தைத் தாலாட்டித் தூங்க வைக்கிறீங்களா?" என்று ஆறாவதில் கத்தினான். "வாய் மட்டும் தூரமா போகுது, உன் பந்து போகலையேடா!" என்று டூகல் திருப்பிக் கத்தினான்.

இரண்டாவது. ஏழாவது குழியை நீ மறந்திருக்க மாட்டாய். நடுவே உயரமான மணல்மேடு. அடிப்பவருக்குக் குழியும் தெரியாது, குழியருகே நிற்பவரும் தெரியாது. முன்னே ஆடுகிறவர்கள் விலகிப்போய், எட்டாவதுக்குப் போகும் பாதையிலுள்ள கம்பத்து மணியை அடித்தால்தான் பின்னால் நிற்பவர் அடிக்கலாம். நாங்கள் ஆடி முடித்து நடந்தோம். டூகல் கம்பத்தைத் தாண்டிவிட்டான். நான் கயிற்றுக்குக் கை நீட்டினேன். "இரு, இரு. என் குட்டை மட்டையைப் புல்லுல விட்டுட்டேன். நீ போ, நான் எடுத்துட்டு வந்து அடிக்கிறேன்" என்று திரும்பினான். நான் கையை எடுத்துக்கொண்டு, எட்டாவது குழிக்கு ஆடத் தொடங்கும் மேட்டுக்குப் போனேன். கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக் கடலைப் பார்த்தபடி நின்றேன். பிறகு திரும்பிப் பார்த்தபோது டூகல் குழியருகே குப்புறக் கிடந்தான். பந்து இடது கண்ணில் பட்டிருந்தது.

மூன்றாவது. நான் அடிக்கவில்லை. டூகல் மட்டையை எடுத்துக்கொண்டு திரும்பவே இல்லை. எனவே யாரும் அடிக்கவில்லை.

நான்காவது. ஃபின்லே மணல்மேட்டின் மேல் ஓடிவந்து, டூகலைத் தோளில் போட்டுச் சாலைவரை சுமந்தான். திடலின் நிர்வாகக் குழுவினர் சிலரிடம் விசாரித்தார்கள். வேறு விசேஷம் இல்லை.

குளிர் உடம்பில் ஏறாமல் பார்த்துக்கொள்.

உன் ஹெக்டர்


டனீடின், நியூஸிலாந்து
18 அக்டோபர் 1978

ஹெக்டருக்கு,

இருமல் விட்டுவிட்டது. தோட்டத்தில் ரூபார்ப் செடி தலைகாட்டியிருக்கிறது. நான் நலம் என்பதற்கு இவ்வளவு போதும்.

நீ நான்கு எண் போட்டால் ஐந்தாவதாக ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறாய் என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

பாவம் டூகல். அவன் கண் பிழைக்குமா? அதை எழுதவில்லை. ஃபின்லே என்ன சொல்கிறான்? அதையும் எழுதவில்லை. "விசாரித்தார்கள்" என்றால் யாரை விசாரித்தார்கள், அவர்கள் என்ன சொன்னார்கள்?

கப்பல் வேலையையும் கிடங்கு வேலையையும் ஃபின்லே தன் வாயால்தான் இழந்தான், மறுக்கவில்லை. இந்தப் புல்வெட்டும் வேலையில்தான் நான்கு வருடம் நிலைத்திருக்கிறான். அந்த வேலை போனால் அதோடு கொடுத்த வீடும் போகும். என் மகன் முன்கோபி, ஹெக்டர். பொய்யன் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தவன் நீ ஒருவன்தான் அந்த ஊரில் இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் நான் இங்கே தூங்குகிறேன்.

முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடு. பதிலைச் சீக்கிரம் எழுது.

எல்ஸ்பெத்


ஆர்ட்ஹேவன்
26 அக்டோபர் 1978

அன்புள்ள எல்ஸ்பெத்,

ஒத்தடம் கொடுத்தேன், கொஞ்சம் இதமாக இருக்கிறது. உன் இருமல் போனதில் நிம்மதி.

டூகலின் இடது கண் போய்விட்டது. நேற்று மருத்துவமனைக்குப் போனேன். "பாதி உலகம் போனா என்ன, மீதிப் பாதியில நீ தெரியாம இருந்தாச் சரி" என்று கேலி செய்தான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். மட்டையை எடுக்கத் திரும்பியதற்குப் பிறகு எதுவும் அவனுக்கு நினைவில்லை.

ஃபின்லே மணி கேட்டதாகச் சொல்கிறான். அவன் அடித்த இடத்தில் வேறு யாரும் இல்லை. ஆறாவது குழியில் அவன் கத்தியதைக் கடற்கரையில் நாயோடு உலாவிக்கொண்டிருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். அவசரப்பட்டு அடித்துவிட்டான் என்று ஊரில் பேச்சு. மணி அடிக்கப்படவில்லை என்று ஒரு சாட்சி குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். நவம்பர் முப்பதாம் தேதி கூட்டத்தில் முடிவு சொல்வார்கள். அதுவரை ஃபின்லேயை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். முடிவு அவனுக்கு எதிராகப் போனால் நீ பயப்படுவதுதான் நடக்கும்.

அவனுக்கு வாரம் இருமுறை சூப் கொண்டுபோய் வைக்கிறேன். பாத்திரம் கழுவாமல் வாசலில் இருக்கும். சாப்பிட்டிருக்கிறான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நன்றாகத் தூங்கு.

உன் ஹெக்டர்


டனீடின்
3 நவம்பர் 1978

ஹெக்டருக்கு,

ஃபின்லேயின் கடிதமும் உன் கடிதமும் ஒரே தபாலில் வந்தன. உன்னுடையதை முதலில் படித்தேன்.

"ஒரு சாட்சி." அந்தச் சாட்சிக்குப் பெயர் இல்லையா? நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் "யார் செய்தது, பேரைச் சொல்லு" என்று கேட்டவன் அல்லவா நீ?

என் மகனின் வாயிலிருந்து தெரிந்துகொள்ளும்படி ஆயிற்று. அவன் உன்னைத் திட்டி ஒரு வரிகூட எழுதவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் நலம்.

எல்ஸ்பெத்


ஆர்ட்ஹேவன்
10 நவம்பர் 1978

அன்புள்ள எல்ஸ்பெத்,

நீ நலம் என்று எழுதிய ஒற்றை வரியை நம்ப ஆசைப்படுகிறேன்.

ஆம், அந்தச் சாட்சி நான். முன்பே எழுதியிருக்க வேண்டும். எழுதி எழுதிக் கிழித்தேன். ஆனால் குழு கேட்டபோது வேறென்ன சொல்வேன்? என் தங்கையின் மகன் என்பதற்காக அடிக்காத மணியை அடித்ததாகச் சொல்லலாமா? என் நினைவைச் சந்தேகிப்பது எனக்குப் பழக்கம்; வீட்டுக் கதவைப் பூட்டினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்புகிறவன் நான். அதனால்தான் இதைப் பல தடவை சரிபார்த்தேன். கயிற்றைத் தொட நீட்டிய கை, டூகலின் குரல், கையை எடுத்தது, எல்லாம் தெளிவாக இருக்கிறது.

நேற்று ஃபின்லேயிடம் நேரில் பேசினேன். அவன் கதவை முழுதாகத் திறக்கவில்லை.

"மாமா, மணி கேட்டுச்சு. ஒரு தடவைதான், சின்னதா. ஆனா கேட்டுச்சு."

"காத்து அந்த மாதிரி அடிச்சுதேப்பா. வேற ஏதாவது சத்தமா இருக்கலாம் இல்ல? ஆட்டுக் கழுத்து மணியோ என்னமோ…"

"திடல்ல எங்க ஆடு இருக்கு? அந்த மணிக்கு நான்தான் வாராவாரம் எண்ணெய் போடுறேன். அதோட சத்தம் எனக்குத் தெரியாதா?"

அவன் கதவைச் சாத்தவும் இல்லை, உள்ளே கூப்பிடவும் இல்லை. குளிரில் அப்படியே நின்றுவிட்டு வந்தேன்.

இங்கே இலையெல்லாம் கொட்டிவிட்டது. நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.

உன் ஹெக்டர்


திடல் வீடு, ஆர்ட்ஹேவன்
15 நவம்பர்

ஹெக்டர் மாமாவுக்கு,

சூப்புக்கு நன்றி. பாத்திரங்களைக் கழுவி வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா டனீடினுக்கு டிக்கெட் அனுப்பியிருக்கிறாள். விமானத்தைப் பிடிக்க டிசம்பர் முதல் தேதி காலை ரயிலில் கிளம்ப வேண்டும். முப்பதாம் தேதிக் கூட்டத்துக்கு நான் வரப்போவதில்லை. நான் சொல்ல வேண்டியதை ஒரு தடவை சொல்லிவிட்டேன். டூகல் ஐயாவின் முகம் தினமும் கண்ணுக்கு முன்னால் வருகிறது. அவரைச் சுமந்துபோனபோது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவரை நான் நலம் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபின்லே


ஆர்ட்ஹேவன்
19 நவம்பர் 1978

அன்புள்ள எல்ஸ்பெத்,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நீ நலமாக இருப்பதாகவே எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். எனக்குச் சளி பிடித்து விட்டது, இப்போது தேவலை.

டிக்கெட் விஷயம் ஃபின்லே எழுதித் தெரியும். உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவன் கூட்டத்துக்கு வராமல் போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஓடியதாகத்தான் ஊர் சொல்லும். அப்புறம் எந்தத் திடலிலும் அவனுக்கு வேலை கிடைக்காது.

டூகல் வீட்டுக்கு வந்துவிட்டான். கண்ணில் கறுப்புத் துணி. வந்த இரண்டாம் நாளே வாசலில் நின்று, "கெளம்பு. ஒத்தக் கண்ணோட உன்னை ஜெயிக்க முடியுதான்னு பாக்கணும்" என்றான். நேற்றுப் போனோம். கடல் சாம்பல் நிறம், புல்லெல்லாம் பனி. தூரம் புரியாமல் முதல் அடியில் பந்துக்கு முன்னாலேயே தரையைக் கிளப்பினான். நான் சிரிக்கவில்லை. "சிரிடா! நீ சிரிக்கலன்னாத்தான் பயமா இருக்கு" என்றான். நான்காவது குழியை ஜெயித்தான். நான் விட்டுக்கொடுக்கவில்லை, உண்மையாகவே ஜெயித்தான்.

ஏழாவதில் ஒன்று நடந்தது. அதை எழுதத் துணிவு வரவில்லை. யோசித்து எழுதுகிறேன்.

போர்வையைக் கூடுதலாக வைத்துக்கொள் என்று எழுத வந்தேன். உங்களுக்கு அங்கே கோடை வருகிறது என்பதை மறந்துவிட்டேன்.

உன் ஹெக்டர்


தந்தி
டனீடின், 27 நவம்பர் 1978

ஏழாவதில் நடந்ததை எனக்கு எழுதாதே. குழுவிடம் சொல். எல்ஸ்பெத்


ஆர்ட்ஹேவன்
1 டிசம்பர் 1978

அன்புள்ள எல்ஸ்பெத்,

உன் தந்தி வந்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மற்றபடி நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் தகுதியைக் கொஞ்சமாவது சம்பாதித்திருக்கிறேனா என்று இதைப் படித்துவிட்டு நீயே சொல்.

பதினெட்டாம் தேதி நாங்கள் ஏழாவதை முடித்தோம். மணி அடிக்காமலே, மட்டைகளை வைக்க எட்டாவது மேட்டுக்குப் போனோம், ஏனென்றால் டூகல் பாதியில் நின்று, "நான் விழுந்த எடத்த ஒரு தடவை பாத்துட்டு வர்றேன். அடிக்காத, இரு" என்றான். பின்னால் ரொட்டிக்கடை ஐலா காத்திருந்தாள். இந்தத் தடவை நான் கடலைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேட்டிலிருந்து திரும்பி நேராக நடந்தான். கம்பத்தைக் கடக்கும்போது அவனுடைய வலது கை தானாக உயர்ந்தது, கயிற்றை ஒரு தடவை இழுத்தது, இறங்கியது. தலை திரும்பவில்லை, நடை நிற்கவில்லை. என் காதில் சத்தம் விழவே இல்லை. மேற்குக் காற்று அதை அப்படியே கிழக்கே தூக்கிக்கொண்டு போயிருந்தது. ஐலா நின்ற பக்கம்.

"டூகல்!" என்று கத்தினேன். அதுவும் காற்றோடு போயிற்று. ஓடினேன். என் முழங்காலை மறந்து ஓடினேன். அவன் குழியருகே போய்க் குனிந்து, தான் விழுந்த இடத்தைப் பார்த்தபடி நின்றான். மணல்மேட்டுக்கு மேலே வெள்ளைப் புள்ளி ஒன்று எழுந்தது. அவன் பூட்சுக்குப் பக்கத்தில் புல்லைக் குத்தி, உருண்டு போயிற்று.

அவன் அசையவில்லை. பந்தைப் பார்த்தான். பிறகு திரும்பிக் கம்பத்தைப் பார்த்தான். கயிறு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. எல்லாம் அவனுக்கு விளங்கிவிட்டது, எல்ஸ்பெத். எனக்கும்.

ஐலா மணல்மேட்டின் மேல் வந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ! மணி கேட்டுச்சே! அதனாலதானே அடிச்சேன்!"

டூகல் என்னைக் காட்டினான். "இவன்தான் தெரியாம அடிச்சுட்டாம்மா. வயசாச்சு."

நான் மறுக்கவில்லை. "மன்னிச்சுக்கம்மா" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு நொடி ஃபின்லேயாக நின்றேன்.

மீதிக் குழிகளை நாங்கள் ஆடவில்லை. திரும்பும் வழியில் அவன், "நீ பாத்தியா?" என்று கேட்டான்.

"பாத்தேன்."

"பாக்கலன்னு வெச்சுக்க. ஹெக்டர், இந்த ஊர்ல ஒவ்வொரு சின்னப் பயலுக்கும் 'மணியில கை வைக்கறதுக்கு முன்னாடி திரும்பிப் பாரு'ன்னு சொல்லிக் குடுத்தவன் நான். எவனோ அவசரத்துல கண்ணப் பறிச்சான்னு இருந்தா நான் பொழச்சுக்குவேன். நானே பறிச்சுக்கிட்டேன்னா…" என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். எத்தனையோ வருடங்களில் அவன் என் கையைப் பிடித்தது அதுவே முதல் தடவை.

இதைத்தான் உனக்கு எழுத முடியாமல் விட்டேன். அவனும் போனால் இந்த ஊரில் என்னோடு பேச யார் இருக்கிறார்கள் என்று எண்ணினேன். சொல்லிவிட வேண்டியதுதானே என்று உனக்குத் தோன்றும். கூட்டத்தில் எழுந்து நிற்பதென்றாலே என் நாக்கு ஒட்டிக்கொள்ளும், உனக்குத் தெரியும்.

நேற்றுக் கூட்டம். குழுவில் ஐந்து பேர். மூவர் என்னிடம் வடிவியல் படித்தவர்கள். டூகல் முன்வரிசையில் இருந்தான். ஃபின்லே வரவில்லை. தலைவர் கில்லிஸ் என் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு, "ரெய்ட் சார், இதுல ஏதாவது மாத்தணுமா?" என்று என்னிடம் கேட்டார். அது வெறும் சம்பிரதாயக் கேள்வி. சொல்லும்போதே அடுத்த தாளைக் கையில் எடுத்துவிட்டார்.

"மாத்தணும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். பதினெட்டாம் தேதி பார்த்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை டூகலின் பின்னந்தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு மணி அடிச்சது நீங்கன்னு ஐலா சொன்னாளே?" என்றார் ஒருவர்.

"நான் இல்ல."

கில்லிஸ் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். "டூகல், நீங்க என்ன சொல்றீங்க? அக்டோபர்ல அடிச்சீங்களா?"

அவன் எழுந்து நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டான். "ஞாபகம் இல்ல. ஆனா தனியா போறப்ப அந்தக் கம்பத்த நான் என்னிக்கு அடிக்காம தாண்டியிருக்கேன்? கை பழகிப்போச்சு." நிறுத்தினான். "அந்தப் பையன் பொய் சொல்லல. வேலையக் குடுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "இனிமே நீ தனியா ஆடிக்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஃபின்லேக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அங்கிருந்தே திடல் வீட்டுக்குப் போனேன். பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன். டூகல் சொன்னதைச் சொன்னபோது மட்டும் கட்டுவதை நிறுத்தினான்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். கடைசியில என்னை நம்புனீங்களா, இல்ல அந்த ஐலாவோட பந்தை நம்புனீங்களா?"

"பந்தை" என்றேன்.

தலையசைத்தான். "சரி. நிசமாவது சொன்னீங்களே." ரயிலுக்கு இன்று காலை போகவில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வருவதாகக் கில்லிஸிடம் சொல்லச் சொன்னான். எனக்குத் தேநீர் தரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. நான் வீடு திரும்பும் வழியில் அவன் டூகல் வீட்டுப்பக்கம் நடப்பதைப் பார்த்தேன். டூகல் அவனை உள்ளே விட்டானா என்று தெரியாது.

டிக்கெட்டை என்ன செய்வது என்று அவனே உனக்கு எழுதுவான். நீ எனக்கு எழுதுவாயா என்பது உன் விருப்பம். உன் உடம்பைப் பார்த்துக்கொள் என்பதை மட்டும் என் உரிமையாக வைத்துக்கொள்கிறேன்.

அக்டோபரில் உனக்கு நான்கு விஷயங்களை எண் போட்டு எழுதினேன். முதலாவது, இரண்டாவது, நான்காவது சரி. மூன்றாவது தவறு. நான் அடிக்கவில்லை, எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்குமேல் ஒரு வார்த்தையும் எழுத எனக்கு உரிமை இருக்கவில்லை. உன் மகன் மணி கேட்டான், எல்ஸ்பெத். மணி அடித்தது.

ஹெக்டர்